ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுபோகும் பில்லிங் சர்வர்

கேள்வி: ஈரோட்டில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். 11 கவுண்டர்கள், ஒரு சர்வர். சர்வரில் உபுண்டு லினக்ஸ், அதன் மேல் போஸ்ட்கிரெஸ் 12 டேட்டாபேஸ். 7,200 ஆர்.பி.எம். ஹார்ட் டிஸ்க் இரண்டு, மிரர் செய்து, அதாவது ஒரே தரவை இரண்டிலும் எழுதி, ஓடுகின்றன. சில மாதங்களாக ஒரு தொல்லை. சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா கவுண்டரிலும் ஸ்கிரீன் ஆறேழு விநாடி அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது. நான் ஓடிப்போய் சர்வரைப் பார்ப்பதற்குள் எல்லாம் இயல்பாக இருக்கிறது. சி.பி.யு. 10 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. ரேமை 8 ஜி.பி.யிலிருந்து 32 ஆக்கினோம், சுவிட்சை மாற்றினோம், கேபிளையும் மாற்றிப் பார்த்தோம். பயனில்லை. கடை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை ஒரு கவுண்டரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பழைய பில்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. மென்பொருள் செய்து கொடுத்தவர் நெட்வொர்க்கைக் கைகாட்டுகிறார், நெட்வொர்க் பார்ப்பவர் மென்பொருளைக் கைகாட்டுகிறார். முதலாளி புது சர்வருக்கு விலை கேட்கச் சொல்லிவிட்டார். வாங்கினால் தீருமா? கவுண்டர் மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்டாக் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: விலை கேட்பதை இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். புது சர்வர் வாங்கினால் தொல்லை தீரவும் கூடும். ஆனால் எதனால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து வியாபாரம் கூடும்போது அதே தொல்லை திரும்பி வந்தால் அப்போதும் கையில் பதில் இருக்காது. உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது, அதனால் காசு செலவழிக்கும் முன் மீதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

எப்போதாவது தாறுமாறாக நிற்கும் கணினியைப் பிடிப்பதுதான் கஷ்டம். குறிப்பிட்ட இடைவெளியில் நிற்கும் கணினி நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. தானாக எதுவும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நடக்காது. எங்கோ ஒரு நிரல் 300 விநாடி எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆகவே “எது மெதுவாக இருக்கிறது” என்று தேடாமல் “இது யாருடைய கடிகாரம்” என்று தேடுங்கள். இந்தத் தொழிலில் பலரும் முதல் கேள்வியிலேயே தங்கிவிடுகிறார்கள். மெதுவாக இருக்கிறது என்றதும் ரேம், சுவிட்ச், சர்வர் என்று ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். நீங்கள் மாற்றிய மூன்று பொருளிலும் ஐந்து நிமிடக் கடிகாரம் எதுவும் இருந்திருக்க வாய்ப்பில்லை. ரேமுக்கு நிமிடக் கணக்கு தெரியாது.

சி.பி.யு. 10 சதவீதம்தான் என்பது உங்களைக் குழப்ப வேண்டாம். டிஸ்க் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருக்கும் நிரல் சி.பி.யு.வைத் தொடுவதே இல்லை. அதோடு, 300 விநாடியில் 7 விநாடி என்பது இரண்டரை சதவீதம்கூட இல்லை. ஐந்து நிமிட சராசரியோ பத்து நிமிட சராசரியோ காட்டும் எந்த வரைபடத்திலும் அது கண்ணில் படாது. சராசரி பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு விநாடிக்கு ஒரு அளவு எடுக்க வேண்டும்.

உங்கள் நிலைமையில் எனக்கு இரண்டு பேர் மேல் சந்தேகம். இருவருமே ஐந்து நிமிடம் எண்ணுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை தொல்லை வராததை இருவரையும் வைத்து விளக்கிவிடலாம், அதுதான் சிக்கல்.

முதல் ஆள் போஸ்ட்கிரெஸின் செக்பாயிண்ட். பழைய கடைகளில் சிட்டையும் பேரேடும் தனித்தனியாக இருக்கும். நடந்த வியாபாரத்தை உடனுக்குடன் சிட்டையில் வரிசையாகக் குறித்துவிட்டு, பிறகு சாவகாசமாகப் பேரேட்டில் அந்தந்தக் கணக்கில் ஏற்றுவார்கள். போஸ்ட்கிரெஸும் இதையேதான் செய்கிறது. பில் கமிட் ஆகும்போது, அதாவது உறுதியாகப் பதிவாகும்போது, அதன் பதிவுக் குறிப்பு மட்டும் டிஸ்க்கில் வரிசையாக எழுதப்படுகிறது. ஸ்டாக் டேபிள், பேட்ச் டேபிள், சீக்கிரம் தேட உதவும் இன்டெக்ஸ் ஆகியவற்றின் உண்மையான பக்கங்கள் நினைவகத்தில் மாறியபடியே இருக்கும். செக்பாயிண்ட் வரும்போதுதான் மாறிய பக்கங்கள் அனைத்தும் டிஸ்க்கில் அவற்றுக்குரிய இடத்தில் எழுதப்பட வேண்டும். இது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்பதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. நீங்கள் தொடாமல் விட்டிருந்தால் அதன் மதிப்பு 5 நிமிடம்.

ஒரு மருந்துக் கடை எழுதும் தரவு எவ்வளவு இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 7,200 ஆர்.பி.எம். டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லிவிநாடி ஆகிறது. எழுத வேண்டிய இடம் டிஸ்க்கின் எழுதும் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதற்கு முன் தலை நகர்ந்துபோக ஓர் எட்டு ஒன்பது மில்லிவிநாடி. ஆக, சிதறிக் கிடக்கும் இடங்களில் எழுதினால் விநாடிக்கு 80 பக்கம் அளவில்தான் முடியும். மிரர் போட்டிருப்பதால் எழுதும் வேகம் கூடாது, இரண்டு டிஸ்க்கும் அதே வேலையைத்தான் செய்கின்றன. போஸ்ட்கிரெஸின் ஒரு பக்கம் 8 கே.பி. அப்படியானால் 560 பக்கம் எழுத 7 விநாடி. 560 பக்கம் என்பது நாலரை எம்.பி.தான்! டிஸ்க் தனக்குள் வரிசையை மாற்றி எழுதிக் கொஞ்சம் மிச்சப்படுத்தும், ஆனாலும் தோராயமாக இந்த அளவுதான். வெவ்வேறு மருந்து, வெவ்வேறு பேட்ச் என்று ஸ்டாக் குறையும் கடையில் ஐந்து நிமிடத்தில் 560 பக்கம் மாறுவது சாதாரணம். சில மாதங்களாகத்தான் இது தொடங்கியது என்கிறீர்கள். மருந்து வகைகளும் இன்டெக்ஸ்களும் பெருகப் பெருக மாறும் பக்கங்களும் பெருகும் என்பதால் அதுவும் பொருந்துகிறது.

போஸ்ட்கிரெஸ் இதை ஒரே மூச்சில் செய்வதில்லை. 12ஆம் பதிப்பில் இடைவெளியின் பாதி நேரத்துக்குப் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக இயங்குதளத்திடம் கொடுக்கும். கடைசியில் “கொடுத்தது எல்லாம் டிஸ்க்கில் இறங்கிவிட்டதா” என்று உறுதி கேட்கும். அந்த உறுதி கேட்கும் கட்டத்தில்தான் மூச்சு முட்டுகிறது. டிஸ்க் முன்பு பெரிய வரிசை நிற்கும்போது, ஒரு பில்லின் சின்னஞ்சிறு பதிவுக் குறிப்பும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். 11 கவுண்டரும் ஒரே நேரத்தில் நிற்பதற்கு இது இயல்பான காரணம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பழைய பில்லைப் பார்த்தீர்களே தவிர எதையும் எழுதவில்லை. எதுவும் மாறவில்லை என்றால் செக்பாயிண்டுக்கு வேலையே இல்லை.

இரண்டாவது ஆள், நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்ன ஸ்டாக் புதுப்பிப்பு. 11 கவுண்டரும் 300 விநாடிக்குள் ஆளுக்கொரு நேரத்தில் புதுப்பித்தால் யாருக்கும் தெரியாது. எல்லாம் சேர்ந்து ஒரே விநாடியில் முழு ஸ்டாக் பட்டியலையும் கேட்டால் தெரியும். தனித்தனியாகத் திறந்த மென்பொருள்கள் எப்படி ஒன்றுசேரும் என்று கேட்பீர்கள். இதற்குப் புகழ்பெற்ற ஒரு முன்னுதாரணம் இருக்கிறது.

1992இல் நெட்வொர்க் ஆய்வாளர்களான சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்து எம்.ஐ.டி.க்கு விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் செய்தி, அனுப்பிப் பார்த்தார்கள். 90 விநாடிக்கு ஒருமுறை அந்தப் பாக்கெட்டுகள் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகள்) தொலைந்தன. வழியில் இருந்த ரவுட்டர்கள் 90 விநாடிக்கு ஒருமுறை தங்கள் பாதை விவரங்களை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டிருந்தன. அதெல்லாம் ஒரே நேரத்தில் நடந்ததால் அந்தக் கணத்தில் வந்த பாக்கெட்டுகளைக் கவனிக்க ஆளில்லை. அவர்கள் காட்டிய முக்கியமான விஷயம் வேறு. ஆரம்பத்தில் வெவ்வேறு நேரத்தில் அனுப்பத் தொடங்கிய ரவுட்டர்கள்கூட, நாளாக நாளாகத் தாமாகவே ஒரே நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. ஒரு ரவுட்டர் தன் வேலையையும் அப்போது வந்துசேர்ந்த மற்றவர்களின் வேலையையும் முடித்த பிறகுதான் அடுத்த இடைவெளியை எண்ணத் தொடங்குகிறது. இரண்டு பேர் ஒருமுறை மோதினால் இருவரும் ஒன்றாக முடிக்கிறார்கள், ஒன்றாக எண்ணத் தொடங்குகிறார்கள், அப்புறம் பிரிவதே இல்லை. இடைவெளியை ஒவ்வொரு முறையும் சற்றுக் கூட்டியும் குறைத்தும் எண்ணச் சொன்னார்கள். பாதியிலிருந்து ஒன்றரை மடங்கு வரை குலுக்கிப் போட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

உங்கள் கவுண்டர் மென்பொருள் “புதுப்பித்து முடித்ததிலிருந்து ஐந்து நிமிடம்” என்று எண்ணினால் இதேதான் நடக்கும். சர்வர் ஒருமுறை தடுமாறினால் போதும், அந்த நேரத்தில் காத்திருந்த கவுண்டர்கள் எல்லாம் ஒன்றாக முடித்து, அதன் பிறகு ஒரே கூட்டமாகவே வரும். கரண்ட் போய் வந்து எல்லா கணினியும் ஒன்றாகத் திறந்திருந்தால் இன்னும் சீக்கிரம். ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தது ஒரே கவுண்டர், கூட்டம் சேர வழியில்லை. பார்த்தீர்களா, இரண்டு கதையும் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதற்காக ஒன்றை நம்பிவிட்டால் நீங்களும் மென்பொருள்காரரையும் நெட்வொர்க் பார்ப்பவரையும் போல ஆளுக்கொரு பக்கம் கைகாட்ட வேண்டியதுதான்.

அதனால் முதலில் அளவு. எதையும் மாற்றாமல் ஒரு நாள் முழுக்க எடுங்கள். ஒரு கவுண்டரில் சின்ன நிரல் ஒன்றை ஓடவிடுங்கள். விநாடிக்கு ஒருமுறை மூன்று வேலை: சர்வருக்கு ஒரு பிங், போஸ்ட்கிரெஸில் மிகச் சின்ன செலக்ட் (தரவைப் படிக்க மட்டும் செய்யும் கேள்வி) ஒன்று, தனியாக உருவாக்கிய சோதனை டேபிளில் ஒரே ஒரு வரியை அப்டேட் செய்து கமிட். மூன்றும் தனித்தனி இழையில், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்காமல் ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய நேரமும் எடுத்துக்கொண்ட நேரமும் ஒரு கோப்பில் விழட்டும். சர்வரிலும் கவுண்டரிலும் கடிகாரம் ஒத்துப்போகிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிறகு ஒப்பிடுவது பெரும்பாடு. சர்வரில் நிரல்களின் நிலையையும் டிஸ்க்கின் நிலையையும் அளந்து காட்டும் வி.எம்.ஸ்டாட், ஐ.ஓ.ஸ்டாட் இரண்டையும் ஒரு விநாடி இடைவெளியில், நேரத்தோடு சேர்த்து ஓடவிட்டுக் கோப்பில் சேமியுங்கள். இனி நீங்கள் ஓடிப்போய் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை.

மாலையில் அந்தக் கோப்பு பேசும். பிங்கும் சேர்ந்து நின்றிருந்தால் நெட்வொர்க் பக்கம் போங்கள். பிங் போகிறது, செலக்ட் போகிறது, கமிட் மட்டும் நிற்கிறது என்றால் டிஸ்க்கில் எழுதுவதில்தான் அடைப்பு. அந்த நேரத்தில் வி.எம்.ஸ்டாட்டில் காத்திருக்கும் நிரல்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறியிருக்கும், ஐ.ஓ.ஸ்டாட்டில் டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டி நிற்கும். செலக்டும் சேர்ந்து தாமதமாகி, படிப்பதோ சி.பி.யு.வோ எகிறியிருந்தால் ஸ்டாக் புதுப்பிப்பின் பக்கம் சந்தேகம் திரும்புகிறது. டிஸ்க்கும் சும்மா, சி.பி.யு.வும் சும்மா, ஆனால் உண்மையான பில்கள் மட்டும் நிற்கின்றன என்றால் ஒருவர் பூட்டிவைத்த வரிக்காக மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். பூட்டுக்காகக் காத்திருப்பதை லாகில், அதாவது பதிவுக் கோப்பில், எழுதும் அமைப்பும் போஸ்ட்கிரெஸில் உண்டு, அதை இயக்கிவிடுங்கள்.

எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் துல்லியமாகப் பாருங்கள், அதுவும் ஒரு சாட்சி. ஆறேழு விநாடி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் 5.3, 7.9, 6.1 என்று மாறினால் அது வேலையின் அளவைப் பொறுத்தது. எப்போதும் சரியாக 5 விநாடி என்றால் உடனே கணினியின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பக்கம் பார்ப்பேன். லினக்ஸ் ஒரு டி.என்.எஸ். சர்வரிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் இயல்பான நேரம் அது. புது இணைப்பு தொடங்கும்போது மட்டும் 1, 3, 7 விநாடித் தாமதங்கள் வந்தால், முதல் பாக்கெட் தொலைந்து லினக்ஸ் ஒன்று, இரண்டு, நான்கு விநாடி பொறுத்து மறுபடி அனுப்பியிருக்கிறது.

இடைவெளியும் அப்படித்தான். 10:05, 10:10 என்று சுவர்க்கடிகாரத்தை ஒட்டியே வந்தால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் போன்ற ஏதோ ஒன்று. உபுண்டுவில் மணிக்கொரு வேலைகள் 17ஆவது நிமிடத்திலும், தினசரி வேலைகள் காலை 6:25க்கும் தொடங்குவது வழக்கம். அந்த எண்களைக் கண்டால் யாருடைய கடிகாரம் என்று யோசிக்கவே வேண்டாம். சர்வரையோ போஸ்ட்கிரெஸையோ நிறுத்தித் தொடங்கினால் மட்டும் அந்த நேரங்கள் இடம் மாறுகின்றன என்றால், அதற்குள் இருக்கும் கடிகாரம். ஒவ்வொரு முறையும் சில விநாடி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால் “முடித்த பிறகு எண்ணும்” வகை, அதாவது கவுண்டர் மென்பொருள்.

இதோடு செக்பாயிண்ட்களை லாகில் எழுதச் சொல்லும் அமைப்பையும் இயக்குங்கள். 15ஆம் பதிப்பிலிருந்து அது தானாகவே இயங்குகிறது, 12இல் நீங்கள்தான் இயக்க வேண்டும். போஸ்ட்கிரெஸை நிறுத்த வேண்டியதில்லை, அமைப்புகளை மறுபடி படிக்கச் சொல்லும் ரீலோட் போதும். ஒவ்வொரு செக்பாயிண்ட் முடிவிலும் ஒரு வரி விழும். எத்தனை பக்கம் எழுதியது, எழுத எவ்வளவு நேரம், சிங்க் செய்ய, அதாவது டிஸ்க்கில் இறங்கியதை உறுதி செய்ய, எவ்வளவு நேரம் என்று அதில் இருக்கும். எழுதும் நேரம் நூறு விநாடியாக இருந்தாலும் கவலை இல்லை, அது பரப்பி எழுதுவதன் அடையாளம். சிங்க் நேரம் ஆறேழு விநாடி என்று இருந்து, உங்கள் கோப்பில் கமிட் நின்ற அதே விநாடிகளோடு பொருந்தினால் ஆள் ஏறக்குறைய அகப்பட்டுவிட்டார்.

ஏறக்குறைய என்கிறேன், ஏனென்றால் ஒரே நேரத்தில் நடப்பதெல்லாம் ஒன்றுக்கொன்று காரணம் ஆகிவிடாது. இங்கேதான் நான் எல்லோரிடமும் வற்புறுத்தும் சோதனை வருகிறது. சந்தேகப்படும் ஆளை நிறுத்தாதீர்கள், அவருடைய கடிகாரத்தை மாற்றுங்கள். செக்பாயிண்ட் இடைவெளியை 5லிருந்து 7 நிமிடம் ஆக்கி ரீலோட் செய்யுங்கள். தொல்லையும் 7 நிமிடத்துக்கு நகர்ந்தால் அதற்கு மேல் யாரும் வாதாட முடியாது. 5 நிமிடத்திலேயே இருந்தால் செக்பாயிண்ட் நிரபராதி. அடுத்து அதை 5க்கே திருப்பிவிட்டு, மென்பொருள்காரரிடம் சொல்லி ஸ்டாக் புதுப்பிப்பை 8 நிமிடம் ஆக்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றேதான் 7, 8 என்கிறேன். 10 ஆக்கினால், ஐந்து நிமிடக்காரர் ஒருமுறை விட்டு ஒருமுறை தலைகாட்டுகிறாரா, பத்து நிமிடக்காரரா என்று புரியாமல் போய்விடும். அடியோடு நிறுத்திப் பார்ப்பதைவிட இது நல்லது. நிறுத்தினால் மொத்த சுமையே குறைந்து, வேறொருவர் செய்யும் தவறுகூட அன்றைக்கு மறைந்துவிடலாம். இரண்டு பேரும் சேர்ந்தே செய்கிறார்கள் என்றாலும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். அதற்கு ஒன்றை 7, மற்றதை 8 என்று ஒரே நேரத்தில் வைத்தால், இரண்டும் சந்திக்கும்போது மட்டும், அதாவது சுமார் 56 நிமிடத்துக்கு ஒருமுறை, பெரிதாக நிற்கும்.

செக்பாயிண்ட்தான் என்று தெரிந்தால் செய்ய வேண்டியவை: பரப்பி எழுதும் அளவு 12ஆம் பதிப்பில் 0.5, அதை 0.9 ஆக்குங்கள். 14ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் உருவாக்குபவர்களே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இடைவெளியை 15 நிமிடம் ஆக்கலாம். கரண்ட் போய் சர்வர் விழுந்தால் மீண்டு எழச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். இவை தொல்லையைக் குறைக்கும், ஆனால் விநாடிக்கு 80 பக்கம் என்ற சுவர் அப்படியே இருக்கும். அந்தச் சுவரை உடைக்க நேரான வழி, சுற்றும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. புது சர்வர் தேவையில்லை. மின்சாரம் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் பாதுகாப்புள்ள, சர்வர்களுக்கான எஸ்.எஸ்.டி. இரண்டு வாங்கி மிரர் போடுங்கள். மேசைக் கணினிக்கான மலிவு எஸ்.எஸ்.டி. இந்த இடத்துக்கு வேண்டாம். ஸ்டாக் புதுப்பிப்புதான் காரணம் என்றால் ஒரு பைசா செலவில்லை. முழுப் பட்டியலைக் கேட்காமல் மாறியதை மட்டும் கேட்கவும், இடைவெளியைக் குலுக்கிப் போடவும் மென்பொருளில் சில வரி மாற்றம் போதும்.

இந்தத் தொல்லைக்கு இணையத்தில் தேடினால் டிஸ்க்கில் இறங்கிவிட்டதா என்று உறுதி கேட்கும் எஃப்சிங்க் என்ற அமைப்பை அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை கட்டாயம் கண்ணில் படும். அணைத்தால் ஸ்கிரீன் நிற்பது உடனே நின்றுவிடும், உண்மைதான். ஒருநாள் கரண்ட் போகும், யு.பி.எஸ். கைவிடும், அப்போது மொத்த டேட்டாபேஸும் திறக்க முடியாதபடி கெட்டுப்போகலாம். காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் வைத்து மருந்து விற்கும் கடையில் அந்த ஆபத்தைத் தொடவே கூடாது. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இன்னொன்று. போஸ்ட்கிரெஸ் 12க்கான ஆதரவு 2024 நவம்பரில் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. இந்தத் தொல்லையோடு அதைச் சேர்த்துக் குழப்பாமல், காரணம் தெரிந்து சரியான பிறகு தனியாக மேம்படுத்துங்கள். அதற்கு முன் டேட்டாபேஸின் முழு நகலான டம்ப் ஒன்றை எடுத்து, வேறொரு கணினியில் புதிய பதிப்பில் ஏற்றி, கவுண்டர் மென்பொருளை அதோடு இணைத்து ஒரு பில் போட்டு, ஒரு ரிட்டர்ன் போட்டு, மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிப்போர்ட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரு நாள் கோப்பும் செக்பாயிண்ட் வரிகளும் கையில் வந்ததும் அனுப்புங்கள். மருந்து வாங்கியவர் விவரங்களோ விலையோ எனக்குத் தேவையில்லை; நேரங்களும் எண்களும் போதும்.